ஒரே இடத்தில் விரிசல்

கிருபாகரன் போன் செய்தபோது நான் பாரிவாக்கத்தில் எங்கள் பிளாட் பால்கனியில் உட்கார்ந்து, எதிர் பிளாக் மூன்றாம் மாடிக்காரர் ஒரே வாரத்தில் நாலாவது துடைப்பத்தை ஏன் வாங்கிக்கொண்டு போகிறார் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆகி நாலு வருஷமாக எனக்கு இதுதான் உத்தியோகம்.

“சம்பந்தம் சார், நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்கன்னு சொன்னாங்க. உண்மையா?”

“யார் சொன்னது?” என்றேன்.

“பாத்தீங்களா, உடனே சந்தேகம்! அப்படி ஒரு ஆள்தான் எனக்கு வேணும். நாளைக்கு அம்பத்தூர் எஸ்டேட் வர முடியுமா?”

முப்பத்தாறு வருஷம் உலோகத்தில் விரிசல் தேடியே சோறு தின்றவன் நான். நான் கண்டுபிடித்த விரிசல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்தால் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் வரை ரோடு போட்டுவிடலாம். இப்போது இருக்கிற ரோட்டைவிட அது வழவழப்பாகவும் இருக்கும். என் மனைவி கண்ணம்மா, “போய்ட்டு வாங்க. எதிர் வீட்டுக்காரராவது நிம்மதியா பெருக்கட்டும்” என்று எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

கிருபாகரன் அந்தக் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர். சேலத்துக்காரர். சட்டைப் பையில் நாலு பேனா. நாலு பேனா வைத்திருப்பவர் ஒன்றில்தான் எழுதுவார்; மற்ற மூன்றும் எதற்கு என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பெங்களூரில் ஒரு குழு புதிதாக ஒரு டர்போஃபேன் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து மதுரை, கோயம்புத்தூர் என்று ஒரு மணி நேரம் பறக்கிற சின்ன பயணிகள் ஜெட்டுக்கு. அந்த எஞ்சினின் முகத்தில் ஒரு பெரிய விசிறி இருக்கும். அது இழுக்கிற காற்றில் கொஞ்சம்தான் நடுவயிற்றுக்குள் போய் எரிபொருளோடு எரியும். மீதியெல்லாம் வெளிப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு போய் விமானத்தைத் தள்ளும். அந்த விசிறிக்குப் பதினெட்டு பிளேடு. ஒவ்வொன்றும் டைட்டானியம், கைக்குழந்தை நீளம், கைக்குழந்தை எடை. நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும்போது அதில் ஒன்று உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். நான் சொன்னால் நீங்கள் மதுரைக்கு நடந்தே போவீர்கள்.

பிளேடு செய்கிற வேலை அம்பத்தூரில் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் முதல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவேண்டும். இந்த நேரத்தில்தான், பத்தே நாளில் ஏழு பிளேடுகளில் விரிசல் என்று சோதனைக்கார வடிவு சிவப்புச் சீட்டு கட்டிவிட்டாள். ஏழிலும் ஒரே இடம்: அடியிலிருந்து நாலு விரல் மேலே, வலது ஓரம். ஏழையும் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே கழுவி, மறுபடி சோதித்து, ஏழிலும் விரிசல் என்று எதுவுமே இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

“ஒண்ணு, அந்தம்மாவுக்குக் கண்ணு போச்சு. இல்லைன்னா எங்கிருந்தோ காசு வந்துச்சு” என்றார் கிருபாகரன். “இந்த ஆர்டருக்கு ஓசூர்ல ஒருத்தன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறான் சார். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை பெங்களூர் எஞ்சின் டீம்லேருந்து சிம்ரன் மேடம் வர்றாங்க. வடிவோட ஸ்டாம்ப்பைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்.”

ஸ்டாம்ப் என்றால் சாதாரண ரப்பர் முத்திரைதான், சுண்டுவிரல் பருமன். வடிவுடையதில் பதினேழு என்று இருக்கும். அந்தப் பதினேழு விழாத பிளேடு வாசலைத் தாண்டாது. நூம்பலில் நாற்று நட்டவர்களின் மகள் அவள். டிப்ளமா படித்து, பரீட்சைமேல் பரீட்சை எழுதி, பதினோரு வருஷத்தில் வாங்கிய எண் அது. ஒரு தடவை பிடுங்கினால் அம்பத்தூரில் எந்தக் கம்பெனியும் அவளை இருட்டறைக்குள் விடாது. அப்புறம் பார்சல் ஒட்டுகிற வேலைதான்.

உளவு வேலை! அறுபத்திரண்டு வயதில்! எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு சோதனைக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

“வாங்க சார். வேவு பாக்க வந்துகீறீங்களா?” என்றாள் வடிவு, தலையைத் தூக்காமலே.

“சேச்சே, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு…”

“கிருபா சார் ஒங்களாண்ட இன்னா சொன்னாரு? கண்ணு பூட்ச்சின்னாரா, காசு வந்துச்சின்னாரா?”

“ரெண்டும்.”

“கண்ணு ரெண்டும் நல்லாத்தான் கீது. காசு வந்திருந்தா நான் ஏன் சார் டெய்லி ஷேர் ஆட்டோல நசுங்கிக்கினு வரேன்? குந்துங்க. எதையும் தொடாதீங்க.”

உட்கார்ந்தேன். எட்டுக் கண்ணோடு பார்த்தேன்.

வேலை முறை நான் பார்த்த அதே பழைய முறைதான். பிளேடைச் சோடாக்காரம் கலந்த வெந்நீரில் கழுவி, பச்சை எண்ணெயில் முக்குவார்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே இருக்கிறதைக் கழுவிவிட்டு, அடுப்பில் காயவைத்து, வெள்ளைப் பொடி தூவி, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே வைத்தால், ஒளிந்திருந்த எண்ணெய் பொடிக்குள் ஊறி வந்து பச்சையும் மஞ்சளுமாக ஜொலிக்கும். தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதுதான் விரிசல்.

“கோடு தெரிஞ்சா, பிரஷ்ஷால துடைச்சிட்டு மறுபடி பொடி போட வேண்டியதுதானே? நிஜ விரிசலா இருந்தா திரும்பி வரும். அழுக்கா இருந்தா வராது. நாங்கள்லாம் அப்படித்தான் செய்வோம்” என்றேன்.

வடிவு சுவரைக் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்: தொடாதே. துடைக்காதே. படம் எடு. பூட்டி வை.

“மொத எஞ்சினுக்கு மட்டும் ஸ்பெசல் ரூல். கீழ யாரு கையெழுத்துன்னு பாருங்க.”

கிருபாகரன். நாலு பேனாவில் ஒன்றின் வேலை தெரிந்தது.

அன்று முழுக்க நான் சந்தேகப்படாத ஜீவனே அங்கு இல்லை. கண்ணாடியை அடிக்கடி துடைக்கிற வடிவைச் சந்தேகப்பட்டேன். புதுக் கார் வாங்கியிருந்த கிருபாகரனைச் சந்தேகப்பட்டேன். தேவையில்லாமல் சிரித்த வாட்ச்மேனை, அடுப்பை, அடுப்புக்குப் பின்னால் தூங்கிய பூனையைக்கூட விடவில்லை. ஆனால் எல்லோரையும் தள்ளிவிட்டு முதல் இடத்துக்கு வந்து நின்றவன் தங்கவேல்.

தங்கவேல் பாலிஷ் போடுகிறவன். நாற்பத்தைந்து வயது, இரும்பு உடம்பு. பிளேடுகளைத் தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி நினைப்பான். அடுப்பிலிருந்து பொடிப் பெட்டிக்கு வேறு யாரையும் தூக்கவிட மாட்டான். அடிப்பாகத்தை வலது உள்ளங்கையில் ஏந்தி, நுனியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நடந்து வருவான். பத்து நாளாக அவனும் வடிவும் பேச்சு வார்த்தை இல்லை. நான் மெதுவாக அவன் பக்கம் நகர்ந்தேன்.

“என்னப்பா முணுமுணுக்கறே?”

“ஒண்ணியும் இல்ல சார்.”

“வடிவு மேல கோபமா?”

“பின்ன இன்னா சார்? ராவு பகலா தேச்சி கண்ணாடி மாரி குடுக்கறேன். அத்த விரிசல்னு சொல்லிக்கினு கீது. எம் பிளேடுல விரிசலாம்! அது கண்ணுலதான் விரிசல்.”

“பாத்தீங்களா சார்?” என்றாள் வடிவு அந்தப் பக்கத்திலிருந்து. “அவருக்கு நான் ஸ்டாம்ப் வச்சிக்கினு கீறதே புடிக்கல. இன்னா மந்திரம் போடறாரோ, யாரு கண்டது?”

மந்திரம்! நோட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் பார்த்த மூன்று பிளேடும் சுத்தம். தங்கவேல் கோயில் வேலை என்று அரை நாள் லீவு போட்டிருந்ததால் வடிவேதான் தூக்கினாள். மத்தியானம் அவன் வந்து மறுபடி பிளேடு தூக்க ஆரம்பித்தான். நான் கேன்டீனில் கண்ணம்மாவின் எலுமிச்சைச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் முடித்துவிட்டு, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற அவசரத்தில் வாயையும் கையையும் சரியாகக் கழுவாமலே ஓடி வந்தேன். வடிவு அடுத்த பிளேடோடு இருட்டறைக்குள் போகிற சமயம். நானும் பின்னாலேயே நுழைந்து திரையை இழுத்துவிட்டேன்.

இருட்டறையில் முதல் ஐந்து நிமிஷம் எதுவும் செய்யக்கூடாது. கண் இருட்டுக்குப் பழகவேண்டும். அவள் மூச்சு விடுகிறது கேட்டது. பிறகு ஊதா விளக்கைப் போட்டாள்.

அடியிலிருந்து நாலு விரல் மேலே, வலது ஓரம், ஒரு கோடு ஜொலித்தது.

“எட்டு” என்றாள். குரல் தேய்ந்திருந்தது. “நாளைக்கு அந்தம்மா வந்து ஸ்டாம்ப்பக் குடுன்னு கேட்டா குடுத்துட வேண்டிதுதான் சார். இல்லாத விரிசல் எங் கண்ணுக்கு மட்டும் தெரிதுன்னா, நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல.”

“எனக்கும் தெரியுதேம்மா” என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள். அடுத்த விநாடி, அந்த இருட்டறை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தாள்.

“சார்! ஒங்க மீசைல விரிசல் கீது!”

பக்கத்தில் இருந்த எஃகுத் தட்டில் என் முகத்தைப் பார்த்தேன். என் வெள்ளை மீசை, ஆவடி ரயிலின் முன் விளக்கு மாதிரி பச்சை மஞ்சளில் எரிந்துகொண்டிருந்தது. வலது கை விரல் ஐந்தும் ஐந்து டியூப்லைட்.

“இன்னா துன்னீங்க?”

“எலுமிச்சைச் சாதம்.”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்: “மஞ்சள்!”

முப்பத்தாறு வருஷம் அந்த விளக்கின் கீழே நின்றிருக்கிறேன், மஞ்சள்தூள் அதில் இப்படி ஒளிரும் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சோதனையை முடித்துவிடுகிற ஒழுக்கசீலனாக இருந்த பாவம். ஆனால் பிளேடில் மஞ்சள் எப்படி ஏறும்? அதுவும் ஒரே இடத்தில், தலைமுடி மாதிரி?

“தங்கவேல்தான்” என்றேன். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “மஞ்சள் தடவி மந்திரம் போடறான். ஓசூர்க்காரன் ஏவல். கூப்பிடு அவனை!”

தங்கவேல் உள்ளே வந்தான். இந்த அறைக்குள் அவன் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. சோதனைக்காரர்களைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. அவனுடைய கையுறை மணிக்கட்டோடு நின்றது. அதற்குமேல் கம்பெனிக் கோட்டுக் கையை அடுப்புச் சூட்டுக்காக முழங்கைவரை சுருட்டியிருந்தான்.

இரண்டுக்கும் நடுவில், வலது மணிக்கட்டைச் சுற்றி, ஒரு கோடு ஜொலித்தது.

“இன்னா சார் இது?” என்று தன் கையையே பேயைப் பார்க்கிறது மாதிரி பார்த்தான்.

காப்பு. ஆடி மாதம், நூம்பல் அம்மன் கோயிலில் தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. தினமும் காலையில் குளித்துவிட்டு அதற்கு மஞ்சள் குழைத்துப் பூசுவான். அடுப்பிலிருந்து சூடான பிளேடைப் பிள்ளை மாதிரி ஏந்தும்போது, வியர்வையில் ஊறிய கயிறு அடியிலிருந்து நாலு விரல் மேலே, வலது ஓரத்தில் உரசும். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் சுவடே இருக்காது. பெங்களூரில் முதல் கழுவலிலேயே போய்விடும்.

“என்னிக்குக் கட்னே?” என்று கேட்டாள் வடிவு.

“பத்து நாளு ஆச்சி. ஞாயித்துக்கெழம தீ மிதி.”

“இன்னா வேண்டிக்கினே?”

தங்கவேல் கயிற்றைக் கையுறைக்குள் தள்ளினான். நான் விடுவேனா? “சொல்லுய்யா, யாருக்குக் கெடுதல்?” என்று அதட்டினேன்.

“கெடுதலா? பதினெட்டு பிளேடும் பாஸ் ஆவணும்னுதான் சார். தூக்கிக்கினு வரச்சொல்லோ ஒவ்வொண்ணுக்கும் ஆத்தா பேரு சொல்லுவேன்.” கையைப் பார்த்தான். “நானேவா கெடுத்துக்கினு இருந்தேன்?”

அங்கே மேஜையில் கிடந்த கத்தியை எடுத்துக் கயிற்றில் வைத்தான். வடிவு சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யோவ், வாணாம். சாமிக்குக் கட்னத நடுவுல அறுக்கக்கூடாது. முழங்கை வரிக்கும் ஒற போட்டுக்கோ, போதும்.” கையை விட்டுவிட்டு, “மந்திரம் போடறன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காத” என்றாள்.

“நானும் ஒங் கண்ணுல விரிசல்னேன்” என்றான் அவன்.

பத்து நாள் சண்டை முடிந்துபோயிற்று. எனக்குத்தான் ஓசூர்க்காரனை இழந்த வருத்தம்.

வெள்ளிக்கிழமை சிம்ரன் மேடம் வந்தார். ஆவடி ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவராம். தமிழ் எங்களைவிட வேகம். வடிவு பெரிதாக எதுவும் பேசவில்லை. அவர் கண் எதிரிலேயே சுத்தமான பிளேடு ஒன்றைச் சோதித்துக் காட்டினாள். கோடு இல்லை. அதையே தங்கவேல் பழைய மாதிரி காப்போடு ஏந்தி நாலு அடி நடந்தான். விளக்கில் வைத்ததும் கோடு. அடியிலிருந்து நாலு விரல், வலது ஓரம். பிரஷ்ஷால் ஒரு தடவை துடைத்தாள். கோடு போயே போயிற்று.

சிம்ரன் மேடம் சுவரில் இருந்த தாளைப் படித்தார்.

“துடைக்காதேன்னு எழுதினது யாரு?”

கிருபாகரன் தன் பேனாக்களைப் பார்த்துக்கொண்டார்.

“இன்னிலேருந்து துடைக்கலாம்” என்று தாளை உரித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார் மேடம். “மீதி பிளேடையும் பாத்துட்டே போறேன்.”

தங்கவேல் முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டான். வரிசையாகச் சோதனை நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழு, பதினேழு, பதினேழு என்று ஸ்டாம்ப் விழுந்துகொண்டே போனது. கிருபாகரன் டீ வரவழைத்தார். நான் என் மீசைக் கதையை மூன்றாவது தடவையாக மேடத்திடம் சொன்னேன். அந்தத் தடவை மீசை ஆவடிவரை வெளிச்சம் காட்டியது.

ஐந்தாவது பிளேடில் ஒரு கோடு.

அடியிலிருந்து நாலு விரல் மேலே. வலது ஓரம்.

“மறுபடி மஞ்சளா!” என்று கிருபாகரன் சிரித்தார். “தங்கவேலு, உறையைக் கீழ இறக்கி விட்டியா?”

“எறக்கவே இல்ல சார். சத்தியமா” என்றான் தங்கவேல் திரைக்கு வெளியிலிருந்து.

“சுருட்டியிருப்பான்” என்றேன் நான். “அதே இடம், அதே நீளம். மஞ்சள்தான். இந்த மீசைமேல் ஆணை! துடைச்சிட்டு ஸ்டாம்ப் போடும்மா.”

வடிவு துடைத்தாள். கோடு போயிற்று. கிருபாகரன் கை தட்டினார். அவள் ஸ்டாம்ப்பை எடுக்கவில்லை. மறுபடி பொடியைத் தூவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அதான் போயிடுச்சே?” என்றார் கிருபாகரன்.

“பத்து நிமிசம் சார்.”

“மேடத்துக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாகுது.”

“பத்து நிமிசம்.”

இருட்டில் நாலு பேர் நின்றோம். திரைக்கு வெளியே தங்கவேலின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. ஏழு தடவை இல்லாத விரிசலைச் சொன்னவள். அதே இடத்தில் இன்னொரு தடவையும் தப்பாகச் சொன்னால், ஸ்டாம்ப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவர் ஒரு முழ தூரத்தில் நிற்கிறார். எனக்கு என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, சந்தேகப்பட யாரும் கிடைக்கவில்லை.

ஏழாவது நிமிஷத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. பத்தாவது நிமிஷத்தில் இரண்டும் சேர்ந்து, கண் இமை முடி மாதிரி ஒரு கோடு, உள்ளேயிருந்து ஊறி வந்து நின்றது.

“லேசா தூசி இருக்கும்…” என்று இழுத்தார் கிருபாகரன்.

வடிவு இன்னொரு தடவை துடைத்தாள். இன்னொரு தடவை பொடி. இன்னொரு பத்து நிமிஷம். கோடு அதே இடத்தில் திரும்பி வந்தது.

அவள் சிவப்புச் சீட்டை எடுத்தாள். மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, என் மீசையையும் பார்க்கவில்லை. பதினேழை மையில் ஒற்றி, சீட்டின்மேல் ஓங்கிக் குத்தினாள்.

சிம்ரன் மேடம் பிளேடை வெளியே எடுத்துப்போய் உருப்பெருக்கியின் கீழே வைத்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார். தங்கவேல் உறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“பாலிஷ்ல வந்தது இல்ல” என்றார் கடைசியில், நிமிராமலே. “சூட்டுல அடிச்சு உருவம் கொடுக்கும்போதே உலோகம் மடிஞ்சிருக்கு. இது எஞ்சினுக்குள்ள போயிருந்தா…” பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து, விமான டிக்கெட்டை மாற்றச் சொன்னார்.

வடிவு ஸ்டாம்ப்பைத் துணியில் துடைத்து மூடி போட்டாள்.

“அண்ணாத்தே,” என்று அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தாள். “அடுத்தத தூக்கிக்கினு வா. ஆத்தா பேரு சொல்லாம வந்துடாத.” அப்புறம் என்னைப் பார்த்தாள். “சார், மீசமேல ஆணைன்னீங்களே?”

சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மேலுதட்டில் காற்று ஜிலுஜிலுவென்று பட்டது. அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் ஒரு சலூன் இருக்கிறது. நல்ல ஆள், நிமிஷத்தில் மழித்துவிட்டான். வீட்டில் கதவைத் திறந்த கண்ணம்மா என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரைப் பாக்கப் போனீங்க இன்னிக்கு?” என்றாள்.